கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு லேத்

உங்கள் பென்சில் பெட்டி இப்போது என் மேசையில் இருக்கிறது. மேசை என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டின் முன்னறையை ஒரு பம்புசெட் கடைக்காரருக்குச் சரக்கு வைக்க விட்டிருக்கிறேன். அவருடைய அட்டைப் பெட்டிகள் போக மிச்சமிருக்கும் மூலையில் ஒரு பலகை கிடக்கிறது. அதில்தான் நான் எழுதுவது, கணக்குப் பார்ப்பது, சில நாள் சாப்பிடுவதும்கூட. போன வாரம் உங்கள் வீட்டுக்காரர் அந்தப் பலகையின் மேல் பெட்டியை வைத்துவிட்டு, உட்கார இடம் தேடி, ஒரு அட்டைப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார். உங்கள் காரியமெல்லாம் முடிந்திருந்தது.

அவர் போன பிறகுதான் திறந்தேன். தகர மூடி கிறீச்சிட்டது. கூடவே அந்த வாசனை வந்தது. பென்சில் மரவாசனைக்கு அடியில், இத்தனை வருடம் கழித்தும், மெல்லிய அமோனியா. வரைபடப் பிரதி எடுக்கும் மெஷின் உங்கள் மேசைக்குப் பின்னால்தானே இருந்தது. நம் நகரமைப்பு அலுவலகத்தில் பொதுமக்களுக்காக யாராவது கண்ணீர் விட்டோம் என்றால் அது அந்த மெஷின் ஓடும்போதுதான்.

பெட்டியில் மஞ்சள் பென்சில் முக்கால் நீளத்துக்கு இருக்கிறது. பச்சை அநேகமாகப் புதிது. ஊதா மட்டும் கட்டைவிரல் நகமளவு. பிடிக்க வசதியாகக் காகிதம் சுற்றி நீட்டியிருக்கிறீர்கள்.

ஊரில் எந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. எழுதியதற்கு நிறம் கொடுப்பது உங்கள் வேலை. குடியிருப்புக்கு மஞ்சள், கடைக்கு நீலம், பட்டறைக்கும் குடோனுக்கும் ஊதா, வயலுக்குப் பச்சை. பச்சையைச் சீவ வேண்டிய அவசியம் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது. எதிரெதிர் மேசையில் அத்தனை காலம் உட்கார்ந்தும் நாம் ஒருவரையொருவர் 'வாங்க, போங்க' என்பதிலிருந்து ஓர் அங்குலம் இறங்கியதில்லை. வேறு ஊர்க்காரர்கள் பார்த்தால் இருவருக்கும் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்திருப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் கணபதி என்கிற பகுதியில் ஒரு தெருவை எழுதச் சொன்னார்கள். நாற்பத்தோரு வீடு, அப்புறம் ஒரு குறுக்குச் சந்து. நான் மொபெட்டில் தெருமுனைக்கு வந்ததும் முதல் வீட்டில் இரும்பு கடையும் லேத்தின் சத்தம் நிற்கும். அடுத்து இரண்டாவது வீட்டில், அடுத்து மூன்றாவதில். தெருவின் நடுவுக்கு வருவதற்குள் குருவிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். ஏதோ தலைவருக்கு மௌன அஞ்சலி செலுத்துகிற தெருவில் தவறி நுழைந்துவிட்டவன் போல நான் நடந்துபோவேன்.

ஒரு வீட்டில் கதவைத் தட்டினேன். முழங்கை வரை கறுப்பு ஆயில் பூசிய ஒருவர் வந்தார்.

"ஏனுங்க, இங்க கம்பெனி ஏதாச்சும் ஓடுதுங்களா?"

"கம்பெனிங்களா? இது ஊடுங்க."

"கைல என்னங்க?"

அவர் தன் கையை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். "ஊட்டுக்காரிக்கு கிரைண்டர் ரிப்பேருங்க."

வாசலில் இரும்புச் சுருள் அரை மூட்டை கிடந்தது. பெரிய கிரைண்டராக இருக்க வேண்டும். அனுமதி வாங்கிய வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தால் பின்பக்கம் 'கார் ஷெட்' என்று போட்டிருந்தது. அது பொய்யல்ல. உள்ளே காரின் பிஸ்டன்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கும்.

அந்த முறை என் பீல்டு நோட்டில் தேறியது ஆறு பட்டறை. அதைப் பார்த்து நம் அதிகாரி சிரித்தார், நீங்கள் சிரிக்கவில்லை. விதி உங்களுக்குத் தெரியும். ஒரு பகுதியில் பாதிக்கு மேல் பட்டறை என்று எழுத்தில் வந்தால் புதிய வரைபடத்தில் அது தொழில் பகுதி. லைசென்ஸ் வாங்கி நிம்மதியாக ஓட்டலாம். பாதிக்குக் கீழே என்றால் குடியிருப்பு. இருக்கிற பட்டறைக்கெல்லாம் நோட்டீஸ், அப்புறம் கரண்ட் கட். தெருவில் ஒவ்வொருவரும் தன் லேத்தை மட்டும் ஒளித்துக் காப்பாற்றினார்கள். அப்படி எல்லாரும் சேர்ந்து தெருவைத் தொலைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செய்தால் விதிமீறல், தெருவே செய்தால் தொழில் மண்டலம் என்பதை நான் வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தேன். நோட்டீஸ் கொடுக்க வருகிறவன் நல்லதுக்குச் சொல்கிறான் என்று யார்தான் நம்புவார்கள்?

நீங்கள்தான் வழி சொன்னீர்கள். தலையைத் தூக்காமல், எதற்கோ மஞ்சள் தீட்டிக்கொண்டே சொன்னீர்கள்.

"ஆயுத பூஜை அன்னைக்குப் போங்க. அதிகாரிகிட்ட மறைப்பாங்க. சாமிகிட்ட மறைக்க மாட்டாங்க."

எத்தனையோ கணக்கெடுப்பு முறைகளுக்கு என்னைப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் எதுவும் இதற்குப் பக்கத்தில் வரவில்லை. அரசு விடுமுறை நாளில் வேலைக்குப் போன ஒரே ஊழியன் என்ற பெயர் எனக்கு வரக்கூடாது என்பதால் சாதாரண வேட்டி சட்டையில், துணிப்பையில் நோட்டை ஒளித்துக்கொண்டு போனேன். இந்த முறை ஒளித்தது நான்.

தெரு வேறொரு தெருவாக இருந்தது. லேத் உள்ள வாசலிலெல்லாம் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். எண்ணுவதற்கு உள்ளே போகவே தேவையில்லை. ஆனால் போகாமல் யார் விட்டார்கள்? கிரைண்டர் ரிப்பேர்க்காரர் வெள்ளை வேட்டியில் கைநிறைய விபூதியோடு வந்தார். நான் தயங்கியதைப் பார்த்து, "உள்ள வாங்க. அன்னைக்கு வந்தது ஆபீசருங்க, இன்னைக்கு வந்தது விருந்தாளிங்க" என்றார். உள்ளே மூன்று லேத், ஒரு டிரில்லிங் மெஷின், எல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலையோடு. ஒவ்வொன்றையும் தன் பிள்ளைகள் போல வயது சொல்லி அறிமுகம் செய்தார். போகும்போது பொரியும் சுண்டலும் பொட்டலமாகக் கட்டிக் கையில் திணித்தார். ஒவ்வொரு வீட்டிலும் பொட்டலம். கடைசியில் நோட்டை எடுக்க வேண்டுமானால் பொரிக்குள் கையைவிட்டுத் துழாவ வேண்டியிருந்தது. நாற்பத்தொன்றில் இருபத்தாறு. நான் அங்கேயே திரும்பியிருக்கலாம்.

அந்தக் குறுக்குச் சந்தைத் தாண்டி இன்னும் மூன்று வீடு இருந்தது. எண்படி அதே தெரு. ஆனால் நம் வரைபடத்தில் அந்தச் சந்துதான் எல்லை. அந்த மூன்றும் அடுத்த பகுதியில் சேரும். அது முழுக்க முழுக்கக் குடியிருப்பு. நாற்பத்து மூன்றாம் எண் வீட்டின் கேட்டிலும் வாழைக்கன்று கட்டியிருந்தது. கற்பூரத் தட்டோடு வெளியே வந்தது நீங்கள்.

நீங்கள் கணபதியில் இருக்கிறீர்கள் என்று தெரியும். எந்தத் தெரு என்று நான் கேட்டதில்லை. "வாங்க" என்றீர்கள். நான் வருவேன் என்று தெரிந்தே காத்திருந்தவரின் குரல் அது. என்னை அங்கே வரச் சொன்னதே நீங்கள்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. என்னைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனார். ஒரே ஒரு லேத். பழையதாக வாங்கி அவரே பழுது பார்த்தது. பம்பு ஷாஃப்ட் கடைகிறார். "பழசுங்க. ஆனா நூல் பிடிச்சாப்பல ஓடுமுங்க" என்று அதைத் தட்டிக் கொடுத்தார். நீங்கள் கதவருகில் நின்று பொரி மடித்துக்கொண்டிருந்தீர்கள். மற்ற வீடுகளில் கொடுத்ததைவிடப் பொட்டலம் சிறியதாக இருந்தது. அதுவும் உங்கள் குணம்தான்.

விடுமுறை முடிந்து நோட்டை உங்கள் மேசையில் வைத்தேன். நீங்கள் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, நோட்டைத் திருப்பி என் பக்கமே தள்ளினீர்கள்.

"நாப்பத்தி மூணு விட்டுப்போச்சுங்க. மறந்துபோட்டீங்க."

"மறக்கலீங்க."

"அப்ப எழுதுங்க."

நான் பேனாவை எடுக்கவில்லை. அந்த நாள் வரை நான் எழுதிய எந்த வீட்டைப் பற்றியும் எனக்குக் கவலை இருந்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: "இருபத்தாறு ஊட்டுல விருந்தாளின்னு நம்பி உள்ள விட்டதை எழுதிக்கிட்டு வந்திருக்கீங்க. எங்கூட்டை மட்டும் விட்டா, அது வேவு பாத்ததாயிருமுங்க."

எழுதினேன். என் கையெழுத்து எப்போதுமே மோசம். அன்று இன்னும் மோசம்.

தெரு தப்பித்தது. அதிகாரி உங்களிடமே எல்லைக் கோட்டை வரையச் சொன்னார். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நோட்டில் நாற்பத்து மூன்றைப் பார்த்தார், முகவரியைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். "கோட்டைக் கொஞ்சம் கீழ இழுத்தா என்னங்க, அம்மணி? ரெண்டு பென்சில் கனந்தானே" என்றார்.

"இழுத்தா எங்கூட்டோட நிக்காதுங்க சார். நாப்பத்தி நாலுல இருக்கறவங்க கேட்டா என்னங்க சொல்றது?"

நாற்பத்து நாலில் ஒரு ஆசிரியர் குடும்பம் இருந்தது. பக்கத்து வீட்டு லேத்தைப் பற்றி அவர்கள் ஒருநாளும் புகார் சொன்னதில்லை. கேட்டிருந்தால் அவர்களே கோட்டை இழுக்கச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் கேட்கவில்லை. ஸ்கேலை வைத்தீர்கள். சந்தின் நடுவே, நூல் பிடித்தாற்போல, கோடு போனது. நம் ஊரில் கோடு போட்டவருடைய வீடு கோட்டுக்கு வெளியே கிடந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒருமுறைதான்.

நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். அது என் வேலை. உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்குக் காப்பி கொடுத்தார். "லேத்தை எங்கீங்க வெக்கிறது?" என்று மட்டும் கேட்டார். சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஷெட் கிடைக்குமா என்று அலைந்தார். தொழில் பகுதி என்று ஆனதும் அங்கே மாட்டுக் கொட்டகைக்குக்கூட மரியாதை கூடிவிட்டது; வாடகை அவருக்கு எட்டவில்லை. கடைசியில் லேத்தைக் கிரைண்டர் ரிப்பேர்க்காரருக்கே விற்றார். அவரிடமே ஷிப்டு வேலைக்கும் சேர்ந்தார். அவருடைய லேத்தேதான், ஆனால் அடுத்தவர் லேத்.

அதற்குப் பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நீங்களாகச் சொன்னீர்கள், வேறு ஏதோ பேச்சின் நடுவே: "ஊட்டுல இப்ப சத்தமே இல்லீங்க. பகல்ல ஒரு கண்ணு அசரலாம்னு படுத்தா தூக்கம் வரமாட்டீங்குது." இதைப் பற்றி நீங்கள் சொன்னது மொத்தமே அவ்வளவுதான். நான் என் டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்தத் தெருவிலிருந்து உங்கள் வீட்டுக்குப் பொரி வந்தது. அதில் ஒரு பங்கை மறுநாள் என் மேசையில் வைப்பீர்கள். நான் தின்றேன். தின்னாமல் இருந்திருந்தால் ஏதாவது சொன்னதாகியிருக்கும்.

நாற்பத்து மூன்றை விட்டுவிட்டு வந்ததற்காக நீங்கள் என்னை ஒரு மாற்றுக் குறைவாக நினைத்தீர்கள் என்றே நான் இதுவரை நம்பியிருந்தேன். போன வாரம் அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு உங்கள் வீட்டுக்காரர் கேட்டார்:

"நீங்க மொதல்ல எங்கூட்டை எழுதாமத்தான் கொண்டாந்தீங்களாமா?"

ஆமாம் என்றேன்.

"ஆசுபத்திரில இருக்கறப்பத்தான் சொன்னாளுங்க. நான் அவளை ஏசுவேன்னு பாத்தாளாட்ட இருக்குது. நான் என்னத்தைங்க ஏசறது? இந்தப் பெட்டியை உங்ககிட்டக் குடுக்கச் சொன்னா. ஆபீசுல ஒருத்தராச்சும் எழுதாம வந்தாரேன்னாளுங்க."

இந்த ஒரு வாக்கியத்தை அத்தனை வருடம் வைத்திருந்து, வேறொருவர் வாயால் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். எதிர் மேசையிலிருந்தே சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லியிருந்தால் அடுத்த முறையும் நான் ஒரு வீட்டை விட்டிருப்பேன். அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்று காலை கேட்டருகில் ஒரு பெண் நின்றாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு பலகைக் கணினி. மறுபடியும் எழுதுகிறார்களாம். இப்போது பென்சில் இல்லை. விரலால் தொட்டால் நிறம் தானாக வருமாம். நான் யார், எங்கே வேலை பார்த்தேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவளுக்கு மரியாதை கூடிவிட்டது.

"குடியிருப்புத்தானுங்களே சார்?"

சொல்லும்போதே அவள் பார்வை என் தோளுக்கு மேலே அட்டைப் பெட்டிகளுக்குப் போய்விட்டு, நாகரிகமாகத் திரும்பி வந்தது. அந்தப் பெட்டிகள் இல்லாவிட்டால் என் மாத ஓட்டம் கொஞ்சம் தள்ளாடும். எங்கள் தெருவில் வேறு யாரும் இப்படி வைத்திருக்கவில்லை. மஞ்சளுக்கு நடுவில் நான் மட்டும் தனியாக நிற்பேன்.

"முன்ரூமைப் பாக்கலீங்க சார். விட்டுப்போச்சுன்னு வெச்சுக்கறேன்" என்றாள். நல்ல பெண். நானும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன்.

"விட்டுப்போகலீங்க அம்மணி. நீங்க பாத்தீங்க. உள்ள வந்து எண்ணிக்குங்க."

அவள் திரையைத் தொட்டாள். என் வீடு ஊதாவாகிற வரை பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நீங்கள் தீட்டுகிற ஊதாவைவிட அது கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது.