காதில் விழுந்தால்தான் தீட்டு

கோபமே வராத என் அப்பாவுக்கு,

இன்று வருடத்தின் கடைசி நாள். மெல்பர்னில் டிசம்பர் என்றால் கோடை, மண்டையைப் பிளக்கிற வெயில். மயிலாப்பூரில் இப்போது மாட வீதியெல்லாம் மார்கழிக் கோலமாக இருக்கும். நீங்கள் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு பாத்திரக் கடையைத் திறக்கிற மாதம். இங்கே நான் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு ஒரு நல்ல செய்தி எழுதுகிறேன். உங்கள் அண்ணன் செத்துப்போனார்.

"செல்வி, வாயை அடக்கு" என்பீர்கள். அடக்க மாட்டேன். நீங்கள் உயிரோடு இருந்தவரை "அண்ணன் மனசு தங்கம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள்தான் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தீர்களே. அம்மாவும் உங்களிடம் வந்து சேர்ந்தபோது இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கு யாரைப் பற்றியும் குறை சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நீங்கள் போன மறுநாள் செந்தில் அண்ணனுக்குக் கல்யாணம். பெரியப்பாவின் மூத்த மகன் கல்யாணம் என்று நீங்கள் பட்டு வேட்டியை இஸ்திரி போட்டுப் பீரோவில் வைத்திருந்தீர்கள். அம்மா தி.நகருக்குப் போன் மேல் போன் போட்டாள். ஒருத்தரும் எடுக்கவில்லை. கடைசியில் நம் தெரு ஆட்டோ குமார் நேரிலேயே போனார். அவர் திரும்பி வந்து சொன்னதை அம்மா என்னிடம் அப்படியே சொன்னாள்.

"கேட்டாண்ட நின்னுகினு கத்துனேன்மா. பெரியவர் ஜன்னலாண்ட வந்து என்னியப் பாத்தாரு. உள்ள போயி டிவி சவுண்ட ஏத்திக்கினாரு."

ஏன் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு, கல்யாணம் நின்றுபோகும். ஆனால் சேதி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் தீட்டு. விழவில்லை என்றால்? தாலி கட்டலாம், பந்தி போடலாம். உங்கள் தங்கமான அண்ணன், கூடப் பிறந்தவன் சாவைக் காதில் வாங்காமலே கல்யாணத்தை நடத்தி முடித்தார். நான் விமானத்திலிருந்து இறங்கி ஓடி வந்தபோது, உங்கள் ரத்தத்தில் ஓர் ஆண்பிள்ளைகூட வீட்டில் இல்லை. குமாரும் அவர் ஆட்டோ ஸ்டாண்டு ஆட்களும்தான் உங்களைத் தூக்கினார்கள். "நீயே வையிம்மா, பெத்த பொண்ணு தானே, எவன் கேப்பான்" என்று கொள்ளியை என் கையில் கொடுத்ததும் குமார்தான். நான்தான் வைத்தேன் அப்பா.

கருமாதி அன்று பெரியம்மா புதுச் சம்பந்தி வீட்டு முறுக்கோடு வந்தாள். அம்மாவின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "எங்க காதுல விழவே இல்லையேம்மா" என்று ஓவென்று அழுதாள். அந்த வாக்கியத்தை நான் அன்றைக்கே எடுத்து வைத்துக்கொண்டேன். என்றைக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று.

அவர்களுடைய இளையவன் முரளி இதே ஊருக்கு வேலைக்கு வந்தான். "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொண்டான். நீங்கள் போன சமயத்தில் அவன் பள்ளிக்கூடத்துப் பையன், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பீர்கள். சரி. ஆனால் நான் உறவு கொண்டாட அவன் வீட்டுக்குப் போகவில்லை அப்பா. காத்திருக்கப் போனேன். பொங்கலுக்குப் போனேன், தீபாவளிக்குப் போனேன், அவன் மனைவி திவ்யா ஊற்றிய காபியைக் குடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

இன்று அவன் மகனுக்கு முதல் பிறந்தநாள். ஏங்கி ஏங்கிப் பெற்ற பிள்ளை. சாயங்காலம் ஹால் எடுத்திருந்தார்கள், ஊரில் இருக்கிற தமிழர்களில் பாதிப் பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். மதியம் நான் உதவிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பெரியம்மா போன் செய்தாள். காலையில் பெரியப்பா போய்விட்டாராம். மாரடைப்பு. அழுதுகொண்டேதான் சொன்னாள். அழுகைக்கு நடுவிலேயே இதையும் சொன்னாள்:

"முரளிகிட்ட மூச்சு விடாத செல்வி. பச்சப்புள்ளக்கு மொத பொறந்தநாள். கேக் வெட்டட்டும். நாங்க சாயங்காலமே எடுத்துடுறோம். அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

நான் "ம்" என்றேன். போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். தனியாக, சத்தமாக. என்ன ஜனங்கள் இவர்கள்! பெற்ற மகனின் காதையே பொத்துகிறார்கள்.

ஹாலுக்குப் போகிற வழியெல்லாம் கணக்குப் போட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், முரளிக்கு அவன் அப்பா முகம் கிடைக்காது. சொன்னால் விருந்து நாசம். இரண்டுமே என் கையில். இத்தனை வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் கார் ஓட்டியதில்லை.

முரளி பலூன் ஊதிக்கொண்டிருந்தான். பிள்ளையை என் மடியில் உட்கார வைத்துவிட்டுச் சொன்னான்: "அப்பாவுக்குச் சளியாம், தூங்குறாராம், அம்மா போனைக் குடுக்கவே மாட்டேங்குறாங்க. கேக் வெட்டும்போது மட்டும் வீடியோவில வந்தாப் போதும்க்கா. பேரன் நிக்கிறதை அவர் இன்னும் பாக்கலை."

பிள்ளை என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது. நான் அதை வாங்கித் துடைத்துக்கொண்டே இருந்தேன். இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள் அப்பா. எது அவர்களுக்கு அதிகம் வலிக்கும் என்று யோசித்தேன். நானும் மறைத்தால் அது பழி ஆகாது, அவர்கள் வழக்கத்தை நானும் நடத்திக் கொடுத்ததாக ஆகும். பெரியம்மாவுக்கு நான் எதற்கு ஊழியம் செய்ய வேண்டும்?

"முரளி, பெரியப்பா காலையில இறந்துட்டார். உனக்குச் சொல்ல வேண்டாம்னாங்க. சாயங்காலம் எடுக்குறாங்க."

அவன் கையிலிருந்த பலூன் காற்றுப் போய்ச் சுருங்கியது. திவ்யா வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அவன் கத்தவில்லை. அவன் அம்மாவுக்குப் போன் போட்டு, "நான் வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாது. எடுத்தீங்கன்னா எனக்கு அம்மாவும் இல்ல" என்று மட்டும் சொன்னான். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு நம் வீட்டில் ஓர் ஆண்பிள்ளை இப்படிப் பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்?

அவனை ஏர்போர்ட்டில் விட்டது நான்தான். வாசலில் என் தோளில் சாய்ந்து, "நீங்க மட்டும் சொல்லலைன்னா என் நிலைமை என்னக்கா" என்று அழுதான். எனக்கு நன்றி சொல்கிறான், பாவம். நான் எதற்குச் சொன்னேன் என்று அவனுக்குத் தெரியாது. நாளை மதியம் போய்ச் சேருவான். அதுவரை உங்கள் அண்ணன் ஐஸ் பெட்டியில் கிடக்கட்டும். நீங்கள் எனக்காகக் கிடந்த மாதிரி. தி.நகர் முழுக்கப் புத்தாண்டு வெடிக்கும்போது அந்த வீட்டில் மட்டும் பிணம் காத்திருக்கட்டும்.

திரும்பி வரும் வழியில் பெரியம்மா கூப்பிட்டாள். "சொல்லாதன்னு அவ்வளவு சொன்னேனேடி" என்று அலறினாள். நான் காரை ஓரமாக நிறுத்தினேன். அவசரமே படாமல் சொன்னேன்.

"என் காதுல விழவே இல்லையே பெரியம்மா. இங்க டிவி சத்தம்."

பெரியம்மா போனை வைத்துவிட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது அப்பா. நல்லாப் புரிந்துவிட்டது.

வெளியே இன்னும் வெளிச்சம் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாணவேடிக்கை பார்க்கப் பாயும் கூடையுமாகக் கிளம்புகிறார்கள். திவ்யா போன் செய்து, நானும் பங்காளி வீட்டுப் பெண்தானே, சேதி கேட்டதற்குத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேனா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

இனியும் ஊற்றிக்கொள்ள மாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. நீங்கள் கெஞ்சினாலும் சரி, உங்கள் அண்ணனுக்காக ஒரு சொம்புத் தண்ணீர் என் தலையில் விழாது. நாளைக் காலையில் எப்போதும்போல் குளிப்பேன், வேர்வை போக.

உங்களுக்குக் கொள்ளி வைத்த மகள்,
செல்வி