ஏழாம் பத்தி

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். ஏரிப் பக்கமிருந்தும் காற்று இல்லை. குடை, மாத்திரை, தண்ணீர் பாட்டில், வழக்குக் காகித உறை. ஆவடியில் பஸ் ஏறிப் பத்தரைக்குப் பூந்தமல்லி கோர்ட்.

வக்கீல் வைக்காமல் நானே வாதாடுகிறேன். வளாகத்திலேயே இலவசச் சட்ட உதவி மையம் இருக்கிறது, ஒருமுறை போய்ப் பாருங்கள் என்றார் நீதிபதி. தர்மத்துக்குக் கிடைப்பதை வாங்கிப் பழக்கமில்லை. போகவில்லை.

வாதி வந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். என் கணவரின் மகளாம். அவர் கட்டிய பருத்திப்பட்டு வீட்டில், நான் இருக்கும் வீட்டில், பாதி வேண்டுமாம். பெயரை இங்கே எழுதமாட்டேன். வாதி போதும்.

கண்ணாடியை முந்தானையில் துடைத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மறுபடி துடைத்தாள். அவரும் அப்படித்தான். எப்போதும் இரண்டு முறை.

ஜூலை 4, வெள்ளி

தூறல். அடுத்த வாய்தா செவ்வாய். கேட்டுக்கொள்வதில் தவறில்லை என்று மையத்துக்குப் போனேன்.

வாசல் மேசையில் தன்னார்வலர் ஒருத்தி. “இன்னா ஆயா, தனியாவா வந்துகீற? குந்து.”

“அம்மான்னு கூப்பிடு. நான் நின்னுக்கறேன்.”

“நில்லும்மா. கால் வலிச்சா உனுக்குத்தான், எனக்கின்னா.”

உட்கார்ந்தேன். வருமானச் சான்றிதழ் எடுத்துவரவில்லை என்றேன். பெண்களுக்குத் தேவையில்லையாம்.

வக்கீல் சின்னப் பெண். திருநெல்வேலிப் பேச்சு. நான் தாக்கல் செய்த பதிலுரையின் நகலைப் படித்தாள். ஒன்பது பக்கம், என் கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை. பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

“எல்லாப் பத்திக்கும் பதில் எழுதியிருக்கிய. ஏழாவதுக்கு எங்கம்மா?”

வாதியின் மனுவில் ஏழாம் பத்தி: என் கணவர் கரையான்சாவடியில் வாதியின் தாய்க்குத் தாலி கட்டினார். சனிக்கிழமைதோறும் அங்கே போய்வந்தார். வாதி அவருக்குப் பிறந்தவள்.

“அதுக்குப் பதில் சொல்றது எனக்குக் கௌரவக் குறைவு.”

“கோர்ட்டுல அப்படி இல்லம்மா. மறுக்காததை ஒத்துக்கிட்டதா எடுத்துக்கிடுவாவ.”

கீழான பேச்சுக்கு வாய் திறக்காதே என்று கான்வென்டில் சொல்லிக்கொடுத்தார்கள். அறுபது வருடம் அப்படியே இருந்துவிட்டேன்.

அனுமதி வாங்கிக் கூடுதல் பதிலுரை போடலாமாம். ஒரே வரி. ஏழாம் பத்தியை மறுக்கிறேன். அதன்பின் நிரூபிக்க வேண்டியது வாதி. அவளிடம் ஒரு போட்டோகூட இல்லை. தாயும் இறந்துவிட்டாள்.

கீழே வழக்கமான வாசகம்: இவை நான் அறிந்தவரை உண்மை. அதற்கும் கீழே என் கையெழுத்து.

ஜூலை 6, ஞாயிறு

வெயில். சாம்பாரில் உப்பு அதிகம். கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

நேற்று சனி. சாயங்காலம் ஆறேகாலுக்கு வாசல் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம். தொழிற்சாலையில் ஓவர்டைம் முடிந்து அவர் வரும் நேரம். போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் போட்டபடியே. அவர் போய் ஆறு வருடம். சம்மன் வந்த நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் கேட்கிறது.

மற்ற நாள் சட்டையில் மெஷின் எண்ணெய் வாடை இருக்கும். சனிக்கிழமைச் சட்டையில் இருந்ததில்லை. துவைத்தவள் நான். கேட்டதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மேகமூட்டம். ஒன்பதே முக்காலுக்கே மையத்தில்.

வக்கீல் தாளை டைப் அடித்து வைத்திருந்தாள். மறுக்கிறேன். பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

“தண்ணி குடிக்கிறியாம்மா?” மேசைக்காரி. குடித்தேன்.

“இதைக் கிழிச்சிடு. ஏழாம் பத்தி சரின்னு அடி.”

வக்கீல் கதவைச் சாத்தினாள். “வீட்டுல பாதி போயிரும். தெரிஞ்சுதான் சொல்லுதியளா?”

“தெரியும்.”

“அப்ப ஒண்ணும் போடாண்டாம். சும்மா விட்டாலே ஒத்துக்கிட்டதாத்தான்.”

“சும்மா விட்டா கிழவி மறந்துட்டான்னு ஆகும். எழுதியே கொடுக்கறேன்.”

“அவர் மகதான்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்லுதிய?”

அவளிடம் சொல்லவில்லை. புதுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வராந்தாவில் வாதி, கண்ணாடியைத் துடைத்தபடி.

சம்மனின் முதல் வரியிலேயே தெரியும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான புதிதில், பெண் பிறந்தால் வைக்க ஒரு பெயர் எடுத்துவைத்திருந்தேன். பள்ளியில் பியானோ சொல்லிக்கொடுத்த சிஸ்டரின் பெயர். நம்ம ஜனத்துல யாருடி இப்படிப் பேர் வைப்பா என்று அவர் சிரித்தார். வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

வாதியின் பெயர் செசிலியா.