காலியாய்க் கிடந்த தெரு

பிப். 2, திங்கள்

காலையில் நல்ல பனி. கண்ணாடியைத் துடைத்தே கை ஓய்ந்தது.

இன்று செய்ய: எச்சரிக்கைப் பலகைக்கு ஆர்டர். ரோட்டில் வைக்கும் கோன் எண்ணிக்கை (போன வாரம் இறக்கியதில் நாலைந்தை டீக்கடைக்காரர் தூக்கிப் போய் பைக் நிறுத்த இடம் பிடித்திருக்கிறார். சிரித்துக்கொண்டே கேட்டுப் பார்த்தாயிற்று. இனி சிரிக்காமல் கேட்க வேண்டும்). அம்மாவுக்கு ஃபோன். தலைக்கு எண்ணெய், எப்போதும்போல் நாளைக்கு.

போக்குவரத்துத் திட்டத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டது. நான் தனியாகப் போட்ட முதல் திட்டம். ஆரணி எல்லையில் அந்தச் சிறு பாலத்தை இடித்துக் கட்டி முடிக்கும் வரை பஸ்ஸும் லாரியும் ஊருக்கு வெளியே சுற்றுச்சாலையில். பைக், ஆட்டோ, கார், பால் வேன் எல்லாம் மேட்டுத் தெரு வழியாக. எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர், அதாவது பி.எம்., ‘பரவால்ல’ என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

மேட்டுத் தெருவைத் தேர்ந்தது நான்தான். நேரான தெரு, நல்ல அகலம், இரண்டு முனையும் மெயின் ரோட்டில். முழுக்க நெசவுக்காரர் வீடுகள். விடியும் முன்பே போய் மூன்று நாள் நின்று எண்ணினேன். பால்காரர், நாய், கோலம் போடும் பெண்கள், அவ்வளவுதான். ஒரு கல், ஒரு குச்சி வழியில் இல்லை. மூன்று நாளும் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து காபி வந்தது. இப்படி ஒரு தெருவா என்று அம்மாவிடம்கூடச் சொன்னேன். ‘நம்ம வெம்பாக்கத்துல குடுக்க மாட்டமா?’ என்று அம்மாவுக்குக் கோபம்.

பிப். 5, வியாழன்

பனி. பிறகு சுள்ளென்று வெயில்.

மாற்றுப்பாதையைத் திறந்தாயிற்று. முற்பகலில்தான் திறக்க முடிந்தது, அம்புக்குறிப் பலகையை ஒருவன் தலைகீழாகக் கட்டிவிட்டதால். மற்றபடி எல்லாம் சரி. ஆட்டோக்காரர் ஒருவர் என் காதில் விழட்டும் என்றே: “ரோடு போடறேன்னு ஊரையே பேஜார் பண்றாங்கப்பா.”

மேட்டுத் தெரு முனையில் மூர்த்தி அண்ணன் கொடியோடு நிற்கிறார். அதே தெருக்காரர். வீட்டில் தறி ஓட்டுவது அவர் மனைவி வசந்தா அக்கா. தறியில் குந்தி வேலை செய்யத் தனக்குப் பொறுமை இல்லை, நிற்கத்தான் லாயக்கு என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எங்கள் கொடி ஆட்களிலேயே கையை ஒழுங்காக நீட்டிக் காட்டுவது அவர் ஒருவர்தான். விடிகாலை ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டு வாசலிலேயே வேலை என்பதால் இருக்கும்.

சாயங்காலம் வசந்தா அக்கா வந்து, எத்தினி மணி வரைக்கும் வண்டி வரும் என்று கேட்டார். ராத்திரி பகல் எப்போதும் வரும் என்றேன். புருஷனைப் பார்த்தார். அவர் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். புழுதி வருமே என்ற கவலை போல. நாளை தண்ணீர் லாரியை ஒரு நடை கூடுதலாக அடிக்கச் சொல்ல வேண்டும்.

பிப். 6, வெள்ளி

எழுத வரவில்லை.

இருட்டு பிரியும் முன் ஃபோன். செருப்புகூட வேறு வேறு கால். தெருவில் பனி, ஒன்றும் தெரியவில்லை. நடுத்தெருவில் பால் வேன் குறுக்காக. முன்பக்கம் சிவப்பாக, ஈரமாக, நீளமாக. ரத்தம் என்றே நினைத்தேன். ரத்தம் இல்லை, பட்டு. அரக்கு நிறப் பட்டுநூல், கை தடிமனுக்கு, பம்பரில் சுற்றிக்கொண்டு. இரண்டடி தள்ளி நிஜமாகவே ரத்தம். மூர்த்தி அண்ணன்.

கால். முழங்காலுக்குக் கீழே. உயிருக்கு ஒன்றும் இல்லை. வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். பாவு போட்டிருந்தார்கள். சேலையின் நீளவாட்டு இழை முழுவதையும் தெருவில் கம்பு நட்டு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழையைத் தேடி முடிபோடும் வேலை. வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டுமாம். நாலைந்து பெண்கள் குனிந்து நின்றிருக்கிறார்கள். முனையில் மூர்த்தி அண்ணன் சிவப்புக் கொடி காட்டியும் வேன் நிற்கவில்லை. பனியில் கொடி தெரியவில்லை என்கிறான் டிரைவர். அவர் கொடியோடு வேனுக்கு முன்னால் ஓடியிருக்கிறார், கத்திக்கொண்டே. பெண்கள் விலகிவிட்டார்கள். அவரால் விலக முடியவில்லை.

யாரும் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வசந்தா அக்கா ஒரு மூங்கில் கம்பைப் பிடித்தபடி நின்றார். யார் வாங்கியும் விடவில்லை.

தெருவில் பாவு. நான் நின்று எண்ணிய அதே தெருவில். மூன்று நாள் நின்றேனே, ஒரு நூல்கூட இல்லையே.

பிப். 7, சனி

வேலூர் ஆஸ்பத்திரி. ஆரஞ்சு வாங்கிப் போனேன். வார்டில் ஏற்கெனவே ஏழெட்டுப் பை ஆரஞ்சு.

எதுவும் கேட்கக்கூடாது என்று நினைத்துத்தான் போனேன். உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன். நான் எண்ணிய நாளில் ஏன் பாவு இல்லை என்று. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நான்தாங்க மேடம் சொல்லி வெச்சேன். ஹைவேஸ் ஆளுங்க அளக்க வராங்க, ரோட்ல கம்பு நட்டிருந்தா ஆக்கிரமிப்புன்னு எழுதிகினு பூடுவாங்க, அவங்க போற வரைக்கும் எவனும் பாவு போடாதீங்கன்னு. கம்பு நட்ட குழியைக் கூட மண்ணு தள்ளி மூடிட்டோம்.”

ஒரு தெரு முழுக்க மூன்று நாள் வேலையை நிறுத்தி, குழியை மூடி, பெருக்கி, எனக்குக் காபியும் கொடுத்திருக்கிறது. நான் பார்த்தது தெருவையே இல்லை. எனக்காகத் தயார் பண்ணி வைத்திருந்த ஒன்றை.

வண்டிகளைத் திருப்பப் போகிறோம் என்று தெரிந்த பிறகாவது ஏன் சொல்லவில்லை? சொன்னால் அன்றைக்கு ஏன் மறைத்தீர்கள் என்று வருமாம். விடிகாலையில் வண்டி குறைவுதானே, தானே கொடி பிடித்து நின்றால் சமாளித்துவிடலாம் என்று நினைத்தாராம். ஷிப்டைக் கேட்டு வாங்கியது அதற்குத்தான்.

கோபம் வந்தது. கட்டுப் போட்டுத் தொங்கும் காலைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கோபப்படுவது? என் மேலும்தான் கோபம். போகிற வருகிற பைக்கை எல்லாம் எண்ணினேன். ‘காலையில இங்க இன்னா நடக்கும்’ என்று ஒரு வீட்டில் கேட்டேனா? கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அம்மா ஃபோன். ஜெபம் பண்ணியா என்றார். பண்ணினேன் என்று பொய்.

பிப். 9, திங்கள்

நேற்று சர்ச்சுக்குப் போகவில்லை. நாளெல்லாம் படுக்கை.

இன்று ஆபீஸ். பி.எம். நிதானமாகப் பேசினார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. கொடி ஆள் நின்ற இடத்தை விட்டு ஓடினார், அதனால் விபத்து. அப்படித்தான் ரிப்போர்ட்டில் எழுத வேண்டுமாம். ஓடாமல் இருந்திருந்தால் நாலைந்து பெண்கள் அடிபட்டிருப்பார்கள் என்றேன். “தெரு காலியா இருந்ததுன்னு எழுதினது நீங்கதானேம்மா? காலியான தெருவுல யாரைக் காப்பாத்த ஓடினாரு?”

என் கையெழுத்தே அவருக்கு எதிர்சாட்சி.

புதன் விடிகாலை நெடுஞ்சாலைத் துறையிலிருந்து அதிகாரி பார்க்க வருகிறார். நிஜமாகவே தினமும் பாவு போடும் தெரு என்று தெரிந்தால் எல்லா வண்டியும் சுற்றுச்சாலைக்குப் போய்விடும், மூர்த்தி அண்ணன் மேல் பழி நிற்காது. தெரு காலியாக இருந்தால் மாற்றுப்பாதை அப்படியே தொடரும், பழியும் அவர் தலையில். வேலையும் போகும், வைத்தியச் செலவுக்குக் கம்பெனியும் கையை விரிக்கும்.

அதுவரை விடிகாலையில் தெருவை மூடலாம் என்றேன். முடியாதாம். சரி. நாளையிலிருந்து அந்த ஷிப்டுக்கு நானே கொடி.

பிப். 10, செவ்வாய்

கை வலி. கொடி இத்தனை கனமா?

தெருவில் பாவு இல்லை. பயந்துவிட்டார்கள். எல்லாரும் வீட்டுக்குள் தறியில், சத்தம் மட்டும் வெளியே. பால் வேன் ஒன்று என்னைப் பார்த்துச் சலாம் வைத்துவிட்டு அதே வேகத்தில் போனது. கொடியால் அடிக்கலாம் போல இருந்தது.

வெளிச்சம் வந்ததும் வசந்தா அக்கா வீடு. ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுத்தான் வந்திருக்கிறார், துணி எடுக்க. தெருக்காரர் நாலு பேரும் வந்து நின்றார்கள். நாளைக்கு எப்போதும்போல் பாவு போடுங்கள், அதிகாரி கண்ணால் பார்க்க வேண்டும் என்று கெஞ்சாத குறை. ஒரு பெரியவர் மட்டும் பதில் சொன்னார். அடிபட்டது அடிபட்டதாகப் போகட்டும், ரோட்டில் கம்பு நட்டதற்கு நம் எல்லார் மேலும் கேஸ் வந்தால் யார் அலைவது என்று. மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அவர் சொல்வதிலும் தப்பில்லை. பயப்பட ஒரு தெருவுக்கு இவ்வளவு போதும்.

வசந்தா அக்கா உள்ளே போனார். காபி வந்தது. குடித்தேன்.

பிப். 11, புதன்

பனி. போன வெள்ளிக்கிழமை போலவே.

தெருவில் ஒரு நூல் இல்லை. வாசலெல்லாம் தண்ணீர் தெளித்து, கோலம். பெருக்கின தடம்கூட ஈரமாக. கம்புக் குழிகள் மறுபடி மூடியாயிற்று. எனக்கு வைத்த அதே மரியாதை, இம்மியும் குறையாமல்.

ஜீப் வந்தது. அதிகாரி கெட்டவர் இல்லை. இறங்கி நடந்தார், அகலம் பார்த்தார், அடிபட்ட இடம் கேட்டார். ஒரு வீட்டிலிருந்து காபி வந்தது. பி.எம். முகத்தில் திருப்தி. “தெரு நல்லா க்ளியராத்தான் இருக்கு” என்றார் அதிகாரி. சார், இது நீங்கள் வருவதற்காக என்று ஆரம்பித்தேன். முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு, கண்ணால் பார்ப்பதைத்தானே எழுத முடியும் என்றார். போன மாதம் நானும் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன்.

அவர் ஜீப்பில் ஏறும்போது வசந்தா அக்கா வீட்டுக் கதவு திறந்தது. தோளில் சுருட்டிய பாவு, கையில் கம்பு. யாரையும் பார்க்கவில்லை. மூடின குழியின் மண்ணைக் காலால் தள்ளிக் கம்பை நட்டார். ஒரு முனையைக் கட்டினார். இன்னொரு முனைக்கு ஆள் வேண்டும். தெரு முழுக்கத் திறந்த கதவுகள், ஒருவரும் இறங்கவில்லை. அந்தப் பெரியவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்தார் அக்கா. கொடியைத் தரையில் போட்டுவிட்டுப் போனேன்.

“இந்த மொனையப் புடிம்மா. கீழ பட்டா போச்சு, உசரமா புடி.”

பிடித்தேன். குளிர்ச்சி, எதிர்பார்த்ததைவிடக் கனம். பின்பக்கமாகவே நடந்தேன், அவர் பிரித்துப் பிரித்து விட. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தெரு சிவப்பாக நீண்டுகொண்டே போனது. ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா நிமிரவில்லை. அதிகாரி இறங்கி வந்து, இது தினமும் உண்டா என்று அவரிடமே கேட்டார்.

“தெனமும்தாங்க. நீங்க வர்ற அன்னிக்கு மட்டும்தான் இருக்காது.”

அதிகாரி பி.எம்.மைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு தெரு நெடுக அந்த நூலை. எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண் கஞ்சிச் சட்டியோடு இறங்கினாள். பின்னால் இன்னொருத்தி.

முன்னால் போக வழி இல்லை. ஜீப் பின்பக்கமாகவே தெருமுனை வரை போக வேண்டியதாயிற்று. ரிவர்ஸுக்குக் கொடி காட்ட ஆள் இல்லை. என் இரண்டு கையிலும் பாவு.