முகுருவுக்குப் பயம் தெளிந்தது

மே 6

காலையிலிருந்து மழை. ஃபோர்ட் போர்ட்டல் டவுன் முழுக்க மின்சாரம் இல்லை. எங்கள் சுற்றுலா ஆபீஸில் ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் தலைவலி.

ஜூலையில் டச்சுப் பயணிகள் கூட்டம் ஒன்று வருகிறது. தெற்கே கொரில்லா பார்க்கும் ஏற்பாடு முடிந்துவிட்டது. சிம்பன்சிக்குத்தான் திண்டாட்டம். பூங்காவில் அந்த வாரம் முழுக்க பெர்மிட் தீர்ந்துபோயிற்று. பலிண்டா என் மேஜைக்கு வந்து நின்றார். முதலாளி தானாக எழுந்து வந்தால் ஏதோ வேலை தலையில் விழப்போகிறது என்று பொருள்.

"அட்யேரி, உங்க அக்கா ஊர்ல ஓடைக்கரையில ஒரு காடு இருக்குன்னியே. அங்க சிம்பன்சி உண்டுல்ல?"

"உண்டு சார். ஆனா ஆளைக் கண்டா ஓடிடும். பழக்கப்படாத கூட்டம்."

"அப்ப பழக்கு. அது பூங்கா இல்ல, ஊர்க்காரங்க காடு. ‘கிராமக் காட்டு உலா’ன்னு போட்டுக்கலாம். பொறுப்பு உன்னோடது."

முதல் முறையாக ஒரு பயணம் முழுதும் என் பொறுப்பில். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். பூங்காவில் ஒரு கூட்டத்தைப் பழக்க வருடக்கணக்காகும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். அதுதான் உறுத்துகிறது.

மே 11

அக்கா ஊர் கிகோண்டாவுக்குப் போய்வந்தேன். அக்கா அவரைக்காய் வயலில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள்.

"அதுங்களத் தேடி நீ எதுக்குடி காட்டுக்குப் போற? இங்கயே உக்காரு. என் பலாப்பழத்துக்கு அதுவே வரும்."

வருகிறவர்களுக்குத் தானே சமைப்பதாகச் சொன்னாள். "வெள்ளக்காரங்களுக்குக் கேழ்வரகுக் களி முழுங்கத் தெரியுமா? மெல்லுவாங்க, பாவம். தாடை வீங்கித்தான் ஊருக்குப் போவாங்க." அவள் மகள் கசெமீரே மூன்று வயதுக்கு வாய் ஓயாமல் பேசுகிறாள். என் காலணிக்குள் அவரைக்காயை நிரப்பிவைத்து, "சித்தி, பூட்ஸுக்குப் பசிச்சுது" என்றாள்.

அக்காவின் கணவர் அராலி மாமா மட்டும் சரியாகப் பேசவில்லை. சோளத்தில் பாதியைக் குரங்குகள் தின்றுவிட்டனவாம். இதில் அவற்றுக்கு விருந்தாளிகள் வேறா என்றார்.

மே 19

பகோன்சாவோடு காட்டில் ஒரு வாரம். இந்த ஊர்க்காரர்தான். கண்ணி வைத்துப் பன்றி பிடித்த பழைய வேட்டைக்காரர். இப்போது என் வழிகாட்டி. ஆபீஸில் கொடுத்த ரப்பர் பூட்ஸைத் தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று அவர் மனைவி சொல்கிறாள்.

"இது பொண்ணு பாக்கப் போற மாதிரிம்மா," என்றார். "தெனமும் அதே நேரத்துக்குப் போகணும், அடக்கமா உக்காரணும், எதையோ மென்னுக்கிட்டு வேற பக்கம் பாக்கணும். நாம பாக்கக் கூடாது. அவங்கதான் நம்மளப் பாத்து முடிவு பண்ணணும்."

உட்கார்ந்தோம். எங்களைப் பார்த்து முடிவு செய்தார்கள். ஓடிவிட்டார்கள்.

மே 28

இன்று பெரிய ஆண் ஓடவில்லை.

ஜூன் 4

அத்திமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பெரிய ஆண் — பகோன்சா அவனுக்கு முகுரு என்று பெயர் வைத்திருக்கிறார், பெரியவர் என்று பொருள் — இறங்கி வந்து, ஒரு வீட்டு முற்றத்தின் அகலம்கூட இருக்காது, அத்தனை அருகில் உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான். பிறகு தன் முழங்கையை நிதானமாகச் சொறிந்துகொண்டான். அவ்வளவுதான்! ஆனால் அந்தச் சொறிதலில் நான் ஒன்றுமே இல்லாமல் போனேன் — ஒரு மரம், ஒரு கல். அவனுக்கு என்னிடம் பயம் தெளிந்துவிட்டது. வெளியே வந்ததும் பகோன்சா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அழுதேன் என்று நினைக்கிறேன்.

பூங்காவில் வருடக்கணக்கில் ஆவது இங்கே ஒரு மாதத்தில் எப்படி ஆயிற்று? பகோன்சாவிடம் கேட்டேன். மேல்பாதிக் காட்டை வெட்டித் தைலமரம் வைத்த பிறகு இந்தக் கூட்டம் ஊரைச் சுற்றித்தான் பிழைக்கிறது, பாதிப் பழக்கம் ஏற்கெனவே இருந்தது என்றார். மீதிப் பாதியைத்தான் நாங்கள் முடித்தோம் போலிருக்கிறது.

ஜூன் 12

அக்கா போன் செய்தாள். "நேத்துப் பலா மரத்துல ஒண்ணு. கல்லத் தூக்கினேன். முன்னெல்லாம் கையத் தூக்கினாலே பறந்துடும். இது என்னையே பாத்துக்கிட்டு, பழத்தத் தின்னு முடிச்சிட்டுத்தான்டி எறங்கிப் போச்சு."

"பெருசா இருந்துச்சாக்கா?"

"நான் என்ன அளந்தா பாத்தேன்?"

பயணத் திட்டத்தில் ஒரு வரி சேர்த்தேன்: மிக அருகில் காண வாய்ப்பு உண்டு. பலிண்டா படித்துவிட்டு, "பலே" என்றார். அக்கா அதை என்னிடம் ஏன் சொன்னாள் என்று இப்போது, எழுதும்போதுதான், யோசிக்கிறேன். புகாராகச் சொன்னாளா? நான் புகாராகக் கேட்கவில்லை.

ஜூன் 24

கசெமீரேயைத் தூக்கிப் போய்விட்டது.

இல்லை. உயிரோடு இருக்கிறாள். முதலில் அதை எழுதிக்கொள்கிறேன். உயிரோடு இருக்கிறாள்.

அக்கா ஓடைக்குப் பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தாளாம். பிள்ளை வரப்பில் விளையாடிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் பிள்ளை இல்லை, அப்புறம்தான் அலறல், புதருக்குள்ளிருந்து. மண்வெட்டியோடு உள்ளே பாய்ந்திருக்கிறாள். ஊரே கத்திக்கொண்டு ஓடிவந்ததும் சிம்பன்சி பிள்ளையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிட்டது. இடது கை — என்னால எழுத முடியல. என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்?

ஜூன் 25

பெரிய மருத்துவமனை. கையைக் காப்பாற்றிவிட்டார்கள், இரண்டு விரல்கள் போய்விட்டன. மயக்கம் தெளிந்ததும் தண்ணீர் கேட்டாள், பிறகு ஒன்றும் பேசவில்லை. அந்த வாய் பேசாமல் இருக்கிறது.

நடைபாதையில் அக்கா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். கால்களில் இன்னும் வயல் சேறு. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கபஹெண்டா," என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் என்னை அட்யேரி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். செல்லப்பெயரை விட்டு முழுப்பெயர் சொல்வது போலீஸ் ஸ்டேஷனிலும் பள்ளிக்கூடத்திலும்தான்.

"கபஹெண்டா, எங்களப் பாத்துப் பயந்துக்கிட்டு இருந்துச்சு அது. அந்தப் பயம் ஒண்ணுதான் எங்களுக்கு வேலி. அதப் பிடுங்கிப் போட்டது யாரு?"

மாமா என்னைப் பார்க்கவேயில்லை.

ஜூன் 27

பலிண்டா ஒரு கூடைப் பழமும் ஒரு உறையும் கொடுத்தனுப்பினார். பிறகு போன்: "ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா பாரு, இந்த விஷயம் இப்போதைக்கு வெளியில போக வேணாம். டச்சுக்காரங்க வர்ற நாள் கிட்டத்துல வந்தாச்சு. வந்து பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் நிதானமா யோசிக்கலாம்."

"சார், ஊர்ல எல்லாரும் ஈட்டிய எடுத்துக்கிட்டு நிக்கிறாங்க."

"அதுக்குத்தான் நீ இருக்கியே. உங்க ஊரு, உங்க சொந்தம். சமாதானம் பண்ணு."

உறையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். பழத்தை வார்டில் இருந்த பிள்ளைகள் தின்றுவிட்டார்கள்.

ஜூன் 29

அது முகுருதானா?

பகோன்சா சத்தியம் செய்கிறார், இல்லையாம். முகுருவின் காது கிழிந்திருக்கும், இது வேறு. ஆனால் அவர் நேரில் பார்க்கவில்லை. அக்காவைக் கேட்டேன், மூர்க்கமாகப் பார்த்தாள். "காது பாக்கற நேரமாடி அது?"

இல்லை என்றால் எனக்கு என்ன ஆறுதல்? கூட்டத்தில் எல்லாரையும்தானே பழக்கினேன். காடு அழிந்தது, பழம் இல்லை, எப்படியும் வந்திருப்பார்கள் என்கிறார் பகோன்சா. அதுவும் உண்மைதான். பலா மரத்துக்கு வந்தது முன்பே வந்துகொண்டிருந்ததுதான். ஆனால் கல்லைத் தூக்கியும் அசையாமல் உட்கார்ந்து பழத்தை முடித்ததே — அது?

ஜூலை 1

டச்சுக்காரர்களுக்கு நானே எழுதிவிட்டேன். நடந்ததை நடந்தபடி. கிகோண்டா உலா இல்லை, யார் கேட்டாலும் இல்லை என்று முடித்தேன். அனுப்பும்முன் பலிண்டாவிடம் காட்டவில்லை.

ஜூலை 2

"நாளையிலேருந்து வராத," என்றார் பலிண்டா. கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நல்ல பொண்ணு நீ. ஆனா இந்தத் தொழிலுக்கு ஆக மாட்டே." மேஜையைத் துடைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 3

டச்சு அம்மாள் வில்லமீன் பதில் போட்டிருக்கிறாள். குழந்தைக்காகப் பிரார்த்திக்கிறாளாம். அடுத்த பத்தியில், அந்த ஒரு நாளுக்குப் பதிலாக எரிமலை ஏரிகளைப் பார்க்க முடியுமா என்று அவள் கணவர் கேட்கிறாராம்.

கோபம் வரவில்லை. அவர்கள் வேறென்ன கேட்பார்கள்?

ஜூலை 9

கிகோண்டா. கசெமீரே தன் அத்தை வீட்டில் இருக்கிறாள், மருத்துவமனைக்குப் பக்கம் என்பதால். அக்கா வயலைப் பார்க்க வந்திருந்தாள். சமையல்கட்டு மூலையில் ஒரு தார் வாழை. ஒவ்வொரு பழத்திலும் கீறி ஒட்டியது மாதிரி ஒரு தடம். காப்பிச் செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து நாற்றம்.

"மாமாவா?" என்றேன்.

அக்கா தலையாட்டினாள். அதற்குள் மாமா வந்துவிட்டார். என்னைக் கண்டதும், "வந்துட்டாளா? உன் காட்டுச் சொந்தக்காரங்களுக்கு வக்காலத்து வாங்க வந்தியா?" என்றார்.

"மாமா, அங்க குட்டிங்களும் இருக்கு..."

"என் குட்டி ஆஸ்பத்திரியில கெடந்தப்போ யாரும் இதச் சொல்லலியே!"

அக்காதான் எழுந்தாள். "அராலி, அதக் கொன்னா ஜெயில். நீ உள்ள போயிட்டா இந்தப் பிள்ளைய வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? அந்தப் பழத்த வேற வீட்டுப் பிள்ளை எடுத்துத் தின்னா? அப்ப எவன் ஈட்டிய எடுத்துக்கிட்டு நம்ம வாசல்ல நிப்பான்?"

தாரைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். கக்கூஸ் குழியில் விழுந்த சத்தம் கேட்டது. கையை மண்ணில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மாமா வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அக்கா என்னிடம் வந்தாள். "நீ பழக்கின. நீயே மாத்து. என்ன பண்ணுவியோ தெரியாது. தண்ணிக்கு அந்த ஓடைய விட்டா எங்களுக்கு வேற நாதி இல்ல."

பகோன்சாவிடம் போய், அவர்களுக்கு மறுபடி மனுஷப் பயம் வரவைக்க முடியுமா என்று கேட்டேன். "முடியும்," என்றார். "ஆனா மனசு கேக்காதும்மா."

ஜூலை 16

முதல் நாள். பெண்கள் கூட்டமாகத் தண்ணீருக்குப் போனார்கள், பிள்ளைகள் நடுவில். முன்னால் நானும் பகோன்சாவும், கையில் தகரம், கட்டை, மடி நிறையக் கல். மாமா கடைசியில் வந்தார், ஈட்டி இல்லாமல். அக்காவின் நிபந்தனை.

அத்திமரத்தடியில் முகுரு. எங்களைப் பார்த்ததும் வழக்கம்போல் உட்கார்ந்துவிட்டான். நாங்களும் உட்காருவோம் என்று நினைத்தான் போலிருக்கிறது. தகரத்தைத் தட்டினேன். தலையைச் சாய்த்துப் பார்த்தான். கத்தினேன். முழங்கையைச் சொறிந்துகொண்டான். பின்னால் பெண்கள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எறிந்தேன். தோளில் பட்டது.

எழுந்தான். உடனே ஓடவில்லை. அந்த ஒரு கணம் என்னைப் பார்த்தான் — பார்த்தான் என்று மட்டும் எழுதுகிறேன், அதில் என்ன இருந்தது என்று எழுத எனக்கு உரிமை இல்லை. பகோன்சா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அடுத்த கல்லை எடுத்தேன்.

ஜூலை 24

தினமும் போகிறோம். தொண்டை கட்டிவிட்டது. சிலர் ஓடுகிறார்கள், குட்டியோடு இருக்கும் தாய் முதலில். முகுரு மட்டும் பாதி தூரம் போய் நின்று திரும்பிப் பார்க்கிறான்.

ஆகஸ்ட் 8

கசெமீரே வீட்டுக்கு வந்துவிட்டாள். கட்டைப் பிரித்தாயிற்று. இடது கையை எப்போதும் கவுனுக்குள் ஒளித்துக்கொள்கிறாள். நான் கிட்டே போனால் அக்காவின் பின்னால் மறைகிறாள்.

ஆகஸ்ட் 19

டவுனில் வேலை தேடிக் கொடுக்கிறேன் என்று சினேகிதி எழுதியிருக்கிறாள், ஒரு பள்ளியில் கணக்கெழுத. சரி சொல்லலாம். இங்கே முடியட்டும்.

கீழ்க்கரைக்காரர்கள் வயலைத் தள்ளி, காட்டோரமாகக் காட்டு அத்திக் கன்று நட ஒப்புக்கொண்டார்கள், சிம்பன்சிகளுக்கு அங்கேயே பழம் கிடைக்கட்டும் என்று. மேல்கரைத் தைலமரத்துக்காரர் சிரித்தார்.

செப்டம்பர் 2

"அட்யேரி, உப்பு எடு," என்றாள் அக்கா. எடுத்துக் கொடுத்தேன். அவளுக்குத் தான் சொன்னது தெரிந்ததா தெரியவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. மாமா இன்னும் என்னோடு பேசுவதில்லை. இன்று என் பக்கம் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார்.

செப்டம்பர் 14

இன்று தகரத்தைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. பேச்சுக் குரல் கேட்டதுமே மரத்திலிருந்து சடசடவென்று இறங்கி ஓடிவிட்டார்கள், எல்லாரும். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். பகோன்சா அத்திமரத்தடியில் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தார்.

ஓடையில் தண்ணீர் தெளிவாக ஓடியது. கேனை நிரப்பினேன். அக்கா வந்து ஒரு கை கொடுத்து அதை என் தலையில் தூக்கி வைத்தாள். "நேரா நட, சிந்தாத," என்றாள். நேராக நடந்தேன்.