எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஆள்

ஜூன் 3

வேலை முடிந்து, வீடு இருக்கும் கவாகுச்சி வரை ரயிலில் நின்றபடியே தூங்கினேன். விழவில்லை. விழ இடமில்லை.

ஐம்பத்தைந்து வயதானதும் கம்பெனி வழக்கப்படி என் பிரிவுத் தலைவர் பட்டத்தைப் பறித்து ஜன்னலோர நாற்காலி ஒன்றைத் தந்தார்கள். ராஜ்ஜியம் இழந்த சக்கரவர்த்திகளை நாடு கடத்தவாவது செய்வார்கள். எனக்கு அதே கட்டடம், அதே லிஃப்ட். தங்கை மகள் சிகுசா பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட ஒரு சம்பளக் கணக்குக் கம்ப்யூட்டர் நிரலுக்குக் காவல் இருக்கிறேன். அதுவும் சாகவில்லை, என்னையும் விடவில்லை.

ஜூன் 5

சிகுசாவுக்கு இரண்டு இடத்தில் வேலை உறுதி, படிப்பு முடிந்து அடுத்த ஏப்ரலில் சேர வேண்டும்! அவள் அப்பா போன பிறகு இந்த வீட்டில் என் தங்கை ஃபுமியே, சிகுசா, நான் என்று மூன்றே பேர். ஆனால் இன்று சாப்பாட்டு மேஜையில் நடந்த வாக்குவாதத்துக்கு ஐ.நா. சபை போதாது.

ஒன்று பெரிய கம்பெனி. இரண்டு வருடப் பயிற்சி, விடுதி, வகுப்பு, ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவு, கூடவே சொல்லித்தர ஒரு மூத்தவர். முடிந்ததும் எந்த ஊருக்கு அனுப்புகிறார்களோ அந்த ஊர். இன்னொன்று கமாட்டாவில் பதினொரு பேர் நடத்தும் கம்பெனி. ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு ஷிப்ட் அட்டவணை போடும் மென்பொருள். வகுப்பும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. முதல் நாளே நிரல் எழுத வேண்டும்.

ஃபுமியே நர்ஸ். "அந்த மென்பொருள்தான் எனக்கு வரிசையா மூணு நைட் ஷிப்ட் போட்டுச்சு. அவனுங்களுக்கு என் பொண்ணையும் குடுக்கணுமா?"

"அதைச் சரி பண்ணத்தான் கூப்பிடுறாங்கம்மா."

நான் சூப்பைக் குடித்தேன். என் மனம் கமாட்டா பக்கம்.

ஜூன் 11

பட்டம் போனதில் ஒரு லாபம், ஆறு மணிக்கே வீடு. அதனால் வீட்டு போனை நான்தான் எடுத்தேன். பெரிய கம்பெனியின் ஆளெடுப்புப் பிரிவு.

இப்போது பிள்ளைக்கு வேலை கொடுத்தால் மட்டும் போதாது. 'வீட்டில் எல்லோருக்கும் சம்மதம்தானே?' என்று கம்பெனியே போன் போட்டுக் கேட்கிறது. அம்மா வேண்டாம் என்றாள் என்று கடைசி நேரத்தில் கழன்றுகொள்ளும் பிள்ளைகள் அவ்வளவு பேர். அந்தப் பெண் அத்தனை பணிவாகக் கேட்டாள். போனில் யாரிடமும் இல்லை என்று சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது. முன்னோர்கள் சமாதியிலிருந்து எழுந்து கைதட்டுகிறார்கள் என்றேன்.

ஜூன் 13

மறுபடி போன். இந்த முறை கமாட்டா. தலைவர் நெமோத்தோவே பேசினார். இருமிக்கொண்டே, பெண் கேட்க வந்தவர் மாதிரி. "எங்களுது சின்ன கம்பெனிங்க. வீட்ல பயப்படுவாங்கன்னு தெரியும்..."

பாவமாக இருந்தது. பாவப்பட்டால் எனக்கு வாய் நிற்காது. "ஃபூஜி மலை சரிஞ்சு கடல்ல விழுந்தாலும், ஏப்ரல் ஒண்ணாந்தேதி எங்க வீட்லேர்ந்து ஒரு ஆள் உங்க வாசல்ல நிக்கும்!"

வைத்த பிறகுதான் உறைத்தது.

ஜூன் 14

சிகுசாவிடம் சொன்னேன்.

"ரெண்டு பேருக்கும் சரின்னுட்டீங்களா? நான் இன்னும் யோசிக்கவே இல்லையே மாமா! இது என்ன உங்க ஊர்ச் சங்கத் தேர்தலா, வந்தவங்களுக்கெல்லாம் ஓட்டுப் போடறேன்னு சொல்ல?"

கதவைச் சாத்திக்கொண்டாள். சரிதான். வேறென்ன செய்வா? அவ வாழ்க்கையோட முதல் வேலை, நான் யாரு அதுல வாக்குக் குடுக்க? போன் மணி அடிச்சா எடுக்கணும்னு யார் சொன்னது—

ஜூன் 15

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 19

அவளே வந்து எதிரில் உட்கார்ந்தாள். பெரிய கம்பெனியாம். அம்மா சொன்னதற்காக இல்லையாம்.

"கமாட்டாவுல எல்லாரும் கெட்டிக்காரங்க மாமா. ஆனா ஒருத்தருக்கும் நேரமில்ல. நான் தப்பா எழுதினா அது தப்புன்னு சொல்லக்கூட ஆள் இருக்காது. அந்த அட்டவணைல அம்மா மாதிரி யாராவது மாட்டுவாங்க. எனக்கு இப்ப ஒண்ணும் தெரியாது. ரெண்டு வருஷம், ஒண்ணும் தெரியாதவளா இருக்கறதுக்கு அனுமதி வேணும்."

மறுத்துப் பேச என்னிடம் நான்கு பேருரைகள் தயாராக இருந்தன. வந்தது ஒரே கேள்வி. பயிற்சி முடிந்து வடக்கே பனி கொட்டும் ஹொக்கைடோவுக்கு அனுப்பினால்? "கம்பளிச் சட்டை வாங்கிக்கறேன்." அவ்வளவுதான் பதில்.

ஜூன் 24

வேலை வேண்டாம் என்றால் நேரில் போய்த் தலைகுனிந்து சொல்ல வேண்டும். அவள் தனியாகப் போகிறேன் என்றாள். வாயை விட்டவன் நான். பயறு அல்வாப் பெட்டியோடு கமாட்டாவுக்கு அவள் பின்னாலேயே போனேன். இரண்டு பேரும் இடுப்பு ஒடியக் குனிந்தோம். நான் குனிந்த ஆழத்துக்குப் பூமியின் மறுபக்கமே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது ஒரு புது மேஜையின் கால். மேலே பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. போனில் நான் சொன்னதை நம்பி வாங்கியது.

நெமோத்தோ கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. "நானும் அப்படி ஒரு பயிற்சில வளந்தவன்தாம்மா. போய்ட்டு வாங்க," என்றார் அவளிடம். பிறகு என்னைப் பார்த்தார். "சார் என்ன வேலை பாக்கறீங்க?"

கிழட்டு நிரலைப் பற்றிச் சொன்னேன். "எங்க ஆஸ்பத்திரிங்கள்லயும் அந்தக் காலத்து நிரல்தான் ஓடுது. தொடவே பயமா இருக்கு," என்றார். அல்வாவை நாங்களே வெட்டிச் சாப்பிட்டோம்.

அக்டோபர் 1

பெரிய கம்பெனியில் வேலை உறுதிச் சடங்கு, ஏப்ரலில் சேரப்போகிறவர்களுக்குக் கடிதம் தருவார்கள். சிகுசா கறுப்பு கோட்டில் போனாள். ஃபுமியே இரவு வேலை முடிந்து வந்தவள், தூங்காமல் வாசலில் நின்று வழியனுப்பினாள்.

நான் அலுவலகத்தில் ஜன்னலைத் திறந்தேன். மூடினேன்.

ஜனவரி 22

போன். எடுக்காமல் விட்டேன். விடாமல் அடித்ததால் எடுத்தேன். இருமல் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

"மேஜை இன்னும் காலியாத்தான் இருக்கு. அந்தப் பழைய நிரலைத் தொட ஆளில்ல சார்," என்றார் நெமோத்தோ.

வாழ்க்கையில் முதல்முறையாக, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

ஜனவரி 23

ஃபுமியே: "அண்ணே, உனக்கு மூளை கீளை கழண்டுடுச்சா? ரிட்டயராக இன்னும் கொஞ்ச வருஷம்தான். இந்த வயசுல புதுசா போய் உக்காருவியா?"

சிகுசா: "முதல்ல வீட்டுச் சம்மதம் கேட்டு அவங்க போன் பண்ணட்டும். நான் எடுக்கறேன்."

ஏப்ரல் 1

காலையில் சிகுசாவும் நானும் ஒரே ரயில். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அவள் உயரத்தில், அவள் மாதிரியே கறுப்பு கோட்டில், பெட்டி நிறைய இன்று வேலையில் சேரும் பிள்ளைகள். பாதி வழியில் அவள் இறங்கினாள். கூட்டத்தில் எது அவள் என்று தெரியவில்லை.

கமாட்டா. படியேறி மூச்சு வாங்க வாசலில் நின்றேன். நெமோத்தோ மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஃபூஜி மலை என்னாச்சு சார்?"

"பாலத்துமேல வரும்போது பாத்தேன். நின்னுட்டுதான் இருக்கு."

மேஜையின் பிளாஸ்டிக் உறையை நானே பிரித்தேன். முழங்கால் வலி. பயிற்சி எதுவும் கிடையாதாம்.