செடிக்குப் பிரஷர் இல்லை

என்னங்க,

மருந்தை எவ்வளவு நம்புகிறார்கள், ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் நான் கேட்கிற கேள்விகளை நேற்று உங்களிடமும் கேட்டேன். “முழு நம்பிக்கை இருக்கு, ஒரு வேளைகூட விட்டதில்ல” என்று அடித்துச் சொன்னீர்கள். நூற்றுக்கு நூறு போட்டேன். இப்படி ஓர் உத்தமரை என் வேலையில் பார்த்ததே இல்லை.

காலையில் ஜன்னலோரப் பூந்தொட்டியைக் கிளறினேன். உங்கள் பிரஷர் மாத்திரைகளெல்லாம் அங்கேதான் சமாதி. இனி செடிக்கு மாரடைப்பே வராது.

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது, பக்கத்தில் மாத்திரை. அதன்மேல் நம்பிக்கை வேண்டாம், என்மேல் பயம் இருந்தால் போதும்.

பி.கு.: ஸ்கூட்டர் சாவியைத் தேடாதீர்கள். அதே தொட்டியில் புதைத்திருக்கிறேன்.

இன்னொன்று: உங்கள் குறட்டை கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது. மாத்திரையைப் போட்டுத் தொலையுங்கள்.