அக்கா சொன்ன லா

14 ஜூலை, திங்கள்

விமானம் தரையைத் தொட்டபோது அக்கா பெல்ட் போட்டிருந்தாளா? எனக்குத் தெரியாது. நான் அந்த விமானத்திலேயே இல்லை. இன்று எங்கள் வக்கீல் பரீதாவிடமும் இதையேதான் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

காலையிலிருந்தே புகைமூட்டம். துணியெல்லாம் வீட்டுக்குள் காய்கிறது, காயவில்லை.

பரீதாவின் அலுவலகம் அவர் அத்தாவின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடி. கோப்பைத் திறந்தாலே மீன்தலைக் கறி வாசம். என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டுமாம். அக்கா பெல்ட் விஷயத்தில் எப்போதும் கவனமானவள் என்று தங்கை வந்து சொன்னால் போதுமாம். மறுத்துவிட்டேன். காரணம் சொல்லவில்லை.

காரணம் இதுதான். என் காரில் ஏறினால், அசாம் ஜாவா முச்சந்தி வந்ததும் அக்காவின் பக்கமிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். வீட்டுக்கு இன்னும் இரண்டு வளைவு இருக்கும். அதற்குள் பெல்ட் கழன்றிருக்கும். எத்தனையோ தடவை திட்டியாயிற்று. "அதுக்குள்ள என்னாலா வந்துரப் போவுது?" என்பாள். எதிர்த்தரப்பு வக்கீல் என்னிடம் அதைக் கேட்டால் பொய் சொல்ல வராது.

விமான நிறுவனம் சொல்வது எளிமையானது. போன வருடம் திருச்சியில் இறங்கும்போது விமானம் ஓடுபாதையை விட்டு விலகிச் சேற்றில் புதைந்தது, ஒப்புக்கொள்கிறார்கள். அக்காவின் முதுகெலும்பு முறிந்ததற்கு அக்காவே பொறுப்பு. பெல்ட் போடச் சொல்லும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே பெல்ட்டைக் கழற்றினாள். ஆதாரம், மருத்துவமனைக் கட்டிலில் அவளிடம் அவர்கள் ஆள் எடுத்த வாக்குமூலம். ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரே வரி: பெல்ட்டைக் கழற்றலாம் என்று நினைத்தேன்.

மற்றப் பயணிகள், நிறுவனம் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அக்கா மட்டும் போடவில்லை.

வாங்க: சவர்க்காரம், பூனைக்கு மீன், கார் வைப்பர்.

15 ஜூலை, செவ்வாய்

ஆலையில் கழிவுநீர் மாதிரி மூன்றுமுறை எடுத்தும் ஒரே அளவு வரவில்லை. பையன்கள் போத்தலைக் கழுவாமல் நிரப்பியிருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் கத்தவில்லை. முறைத்தேன், போதும்.

மாலை புக்கிட் ரோத்தான், அக்கா வீடு. இடுப்புப் பட்டையோடு நாற்காலியில். நிமிர்ந்து உட்கார்ந்தால் அரைமணி, அதற்குமேல் படுக்க வேண்டும். இரண்டாவது அறுவைச் சிகிச்சை செய்தால் நடக்கலாம், பழையபடி பள்ளிக் கேன்டீனையும் பார்க்கலாம் என்கிறார் கிள்ளான் டாக்டர். வழக்கு ஜெயித்தால்தான் அது. ஆனால் அக்கா பேசுவது சிகிச்சை பற்றி இல்லை.

"நான் அப்பிடிச் சொல்லவே இல்ல, வாணி. சொல்லாததச் சொன்னேன்னு எழுதி வச்சிருக்கானுங்க. பொய்க்காரின்னு பேரு வாங்கிட்டு நடந்து என்னா, நடக்காம என்னா?"

அத்தான் குறுக்கே புகுந்தார். வலி மருந்து மயக்கத்தில் ஏதாவது உளறியிருப்பாளோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். அக்கா பார்த்த பார்வையில் எழுந்து கோழிக்குத் தீனி வைக்கப் போய்விட்டார்.

அவரைச் சொல்வானேன். எனக்கும் அதே சந்தேகம்தான்.

17 ஜூலை, வியாழன்

மழை. கடைசியில் மழை. புகை கரைந்தது.

பரீதா அழைத்தார். பலமுறை கேட்டு, இப்போதுதான் வாக்குமூலத்தின் ஒலிப்பதிவைக் கொடுத்திருக்கிறார்களாம். இதுவரை எங்களிடம் இருந்தது ஆங்கிலத் தாள் மட்டும். எனக்கு அனுப்பிவைத்தார்.

ஆலையின் பின்புறம் காருக்குள் உட்கார்ந்து கேட்டேன். மருத்துவமனை இரைச்சல். யாரோ தட்டு கழுவுகிறார்கள். அந்த ஆள் திருச்சித் தமிழில் மரியாதையாகத்தான் கேட்கிறார், பெல்ட்டைக் கழட்டினீங்களாம்மா என்று. அக்காவின் குரல், மருந்தில் ஊறிய குரல்:

"கழட்டலலா."

அவ்வளவுதான். அடுத்து அவர் ஊர், பெயர் என்று வேறு கேள்விக்குப் போய்விடுகிறார்.

திரும்பப் போட்டேன். திரும்ப. பிறகு சிரித்தேன், தனியாக, காருக்குள். காவலாளி எட்டிப் பார்த்தார்.

கழட்டல லா. சொல்லும் வேகத்தில் இரண்டு ல சேர்ந்து ஒன்றாகி, 'கழட்டலா' என்று கேட்கிறது. கழட்டவில்லை என்கிறாள். லா எங்கள் ஊர் உப்பு, தமிழோ மலாயோ, எல்லார் பேச்சிலும் வாக்கியக் கடைசியில் விழும். திருச்சிக்காரருக்கு லா தெரியாது. அவர் காதில் விழுந்தது 'கழட்டலாம்'. பேசும்போது அந்த 'ம்' யாருக்கும் முழுதாக வருவதில்லை, மூக்கோடு நின்றுவிடும். தப்பாகக் கேட்டார், கேட்டதற்குப் பொருள் வரட்டும் என்று 'என்று நினைத்தேன்' என ஒட்டுப் போட்டார். கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. அதுதான் மோசம்.

ஆனால் எனக்குக் கேட்க வேண்டும் என்று இருப்பதுதான் எனக்குக் கேட்கிறதோ?

மாலை அக்கா வீட்டில் ஒரு சோதனை. எதற்கென்று சொல்லவில்லை. கைப்பேசி மேசைமேல், பதிவில். பேச்சுவாக்கில் கேட்டேன், ராத்திரி படுக்கும்போது இடுப்புப் பட்டையைக் கழற்றலாமா என்று. "கழட்டலாம், டாக்டர் சொன்னாரு." நேற்றுக் கழற்றினாயா? "கழட்டலலா. வலி."

வீட்டுக்கு வந்து மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். முதலாவதில் அந்த மூக்கு 'ம்' இருக்கிறது. இரண்டாவதில் இல்லை. திருச்சியிலும் இல்லை.

நிரூபணமானது அவள் என்ன சொன்னாள் என்பது. என்ன செய்தாள் என்பது இல்லை. இரண்டும் வேறு. குறித்து வைக்கிறேன்.

18 ஜூலை, வெள்ளி

பரீதாவிடம் அந்த லாவைச் சொல்லிப் பதிவைப் போட்டுக் காட்டினேன். கேட்டதும் மேசையை ஓங்கித் தட்டினார். தேநீர் சிந்தி, என் சேலையில் கறை.

"வாணிக்கா, சின்னதுலேர்ந்து எங்கத்தா என்னத் திட்டுவாரு, லா போடாத, வக்கீலு மாதிரிப் பேசுன்னு. நான் இப்ப அந்த லாவுக்கே வக்கீலா?"

அவரே இறங்கிப் போய் எனக்கு ரொட்டி எடுத்து வந்தார். அத்தாவிடம் சொல்லவில்லையாம். ஜெயித்தபின் சொல்வாராம்.

கறை போகவில்லை. எலுமிச்சை?

21 ஜூலை, திங்கள்

விடுப்பு. கோலசிலாங்கூர் நீதிமன்றம். உள்ளே கெட்ட ஏசிக் குளிர், சால்வை எடுக்க மறந்தேன்.

அக்கா சாட்சிக் கூண்டில், உட்கார அனுமதியோடு. நிறுவனத்தின் வக்கீல் நல்ல உயரம், நல்ல ஆங்கிலம், பொறுமையான மனிதர். அந்த ஒற்றை வரியை மூன்று விதமாக வாசித்தார். அக்கா மூன்றுமுறையும் இல்லை என்றாள்.

பரீதா எழுந்து ஒலிப்பதிவைப் போடச் சொன்னார். போட்டார்கள். கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர், சின்ன வயது, வியர்த்தார். இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார். நேர்மைதான்.  அத்தான் பக்கத்தில் முருகா முருகா என்று முணுமுணுப்பு. பரீதா லாவை விளக்கத் தொடங்கினார். எதிர்த்தரப்பு மறுத்தது: வக்கீல் சாட்சி சொல்லக் கூடாது.

நீதிபதி மலாய்க்காரர். தமிழ் ஒரு சொல் தெரியாது. அதுவரை தாடையில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், இன்னொருமுறை போடச் சொன்னார். பிறகு இன்னொருமுறை. பிறகு அக்காவைப் பார்த்து மலாயில் கேட்டார்: கடைசியில் வருகிற சத்தம், அது நாம் எல்லோரும் சொல்கிற 'லா' தானே?

மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் அக்கா மலாயிலேயே ஆமாம் ஐயா என்றாள்.

"பெத்துல் லா, துவான்."

 நீதிபதியின் வாயோரம் முதலில் அசைந்தது. பிறகு எல்லோரும், வாயிற்காவலர் உட்பட. அக்காவுக்கு மட்டும் என்ன நடந்தது என்று புரியவில்லை, முறைத்தாள். சிரிப்பு அடங்கியதும் நீதிபதி ஒலிப்பதிவை மறுபடி போடச் சொன்னார். இப்போது அறையில் எல்லோருக்கும் கேட்டது. அதே லா. அதே அக்கா. அது லா என்றால் முன்னால் இருப்பது 'கழட்டவில்லை'தான் என்றார் மொழிபெயர்ப்பாளர், இம்முறை உறுதியாக.

நான் செய்த சோதனை கைப்பையிலேயே கிடந்தது. தேவைப்படவில்லை. கொஞ்சம் ஏமாற்றம், ஒப்புக்கொள்கிறேன்.

வெளியே வந்து அக்கா: "பெரிய மனுசன் முன்னால மரியாதையில்லாமப் பேசிட்டனா?"

25 ஜூலை, வெள்ளி

ஜெயித்தோம்.

இதை முதலில் எழுதிவிட்டேன். மற்றது பிறகு.

தீர்ப்பு இது: அக்கா கழற்றியதாகச் சொல்லவில்லை. நிறுவனத்திடம் அந்த வரியைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆகவே அக்காமேல் எந்தத் தவறும் சுமத்த முடியாது. முழுப் பொறுப்பும் நிறுவனத்தினுடையது. மேல்முறையீடு இல்லை என்று அவர்கள் வக்கீல் அங்கேயே சொன்னார். பரீதாவின் கையைக் குலுக்கினார். அக்காவிடமும் வந்து குனிந்து வணங்கினார், நல்ல மனிதர்தான்.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்த வரியை அடித்துவிடுவார்களா? பரீதா தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது என்றார், அவள் அப்படிச் சொல்லவில்லை என்று. அப்போதுதான் அழுதாள். நானும் கொஞ்சம். தூசி என்றேன்.

பரீதாவின் அத்தா கடையில் எல்லோருக்கும் சாப்பாடு. விஷயம் தெரிந்ததும், கல்லாவில் இருந்தபடியே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மகளின் லாவைப் பற்றிப் பேச்சு. அத்தான் மூன்று முறை சோறு வாங்கினார். புக்கிட் ரோத்தான் கோயிலில் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறாராம். யார் உரிப்பது?

ஆனால் பெல்ட் போட்டிருந்தாளா என்ற என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. நீதிபதிக்கும் அது தேவைப்படவில்லை.

26 ஜூலை, சனி

வெயில், தெளிவான வானம். அக்காவைக் கிள்ளான் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. புது வைப்பரும் மாட்டியாயிற்று.

திரும்பும்போது அக்கா வாய் ஓயவில்லை. கேன்டீனுக்குப் பெரிய அடுப்பு, சாம்பாருக்குப் புதுப் பானை. அசாம் ஜாவா முச்சந்தி. சிவப்பு விளக்கு பச்சையானது.

டிக்.

திரும்பிப் பார்த்தேன். பெல்ட் கழன்று சுருண்டுகொண்டிருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்: "அக்கா, பிளேன்லயும் இப்பிடித்தானா?"

சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பைத்தியமாலா ஒனக்கு? இது ஒன் காடி. அது பிளேன்லா. பயத்துல நான் மூச்சே விடல, பெல்ட்டயா கழட்டுவேன்?"

பின்னால் லோரிக்காரன் ஹாரன் அடித்தான். முதல் கியர் போட்டேன்.